ஒரு சாண் போதாத பட்டை

சமையலறை மேசை முழுக்க இரண்டு முதுகுப்பைகள் கிடந்தன. முட்டைத் தட்டை வைக்க இடமில்லாமல் டார்லா அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எதுன்னு நீயே சொல்லு," என்றான் ஹார்லன்.

"ரெண்டு மாசமா இதையே கேக்குற. என்னைக் கட்டிக்கலாமான்னு யோசிக்கக்கூட உனக்கு இவ்வளவு நாள் ஆகல."

"உன்னை மலைமேல தூக்கிட்டுப் போக வேண்டியதில்லையே."

ஒன்று பன்னிரண்டு வருஷப் பழசு. அலுமினியச் சட்டம், முரட்டுத் துணி, காலியாகவே ஏழு பவுண்டு. மற்றது புதுசு. பிடித்துப் பார்த்தால் ஒரு கோட்டின் கனம்தான் இருக்கும். நூறு பவுண்டு தாங்கும் என்று கடைக்காரன் அடித்துச் சொல்லியிருந்தான். ஹார்லன் எந்தக் கடைக்காரனையும் நம்பியதில்லை. பையோடு வந்த அட்டையில் போட்டிருந்த எடையைக்கூட நம்பாமல், டார்லா வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கு அதைக் கொண்டுவந்து பார்சல் தராசில் வைக்கச் சொன்னான். அட்டையில் இருந்ததைவிட ஐந்து அவுன்ஸ் கூட இருந்தது. அன்றைக்கு முழுக்க அவனுக்கு ஒரே சந்தோஷம். பிறகு செப்டம்பர் மாதம் பூராவும், நாற்பது பவுண்டு உப்பு மூட்டை இரண்டை அதில் அடைத்துக்கொண்டு, சாயங்காலம்தோறும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் ஏறி இறங்கினான். தையலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான். ஒரு நூல் பிரியவில்லை. அதற்குப் பிறகும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை.

"லேசானதை எடு," என்றாள் டார்லா. "உன் முழங்கால் கத்துறது எனக்கே கேக்குது."

அவன் உடனே கம்பளிக் கோட்டை மாட்டினான். அதன்மேல் புதுப் பையைப் போட்டு, இடுப்புப் பட்டையைக் கொக்கியில் இறுக்கினான். இரண்டு பக்கமும் பட்டையின் வால் முழ நீளத்துக்குத் தொங்கியது. கத்தரிக்கோலை எடுத்து, மூன்று விரல் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினான். வெட்டிய முனையை லைட்டரால் பொசுக்கினான்.

"இதுல எவ்வளவு மிச்சம்?"

"ஒரு அவுன்ஸ் இருக்கும்."

"ஒரு அவுன்ஸுக்காக என் சமையலறையை நாறடிக்கிற. நாளைக்குத் தொப்பை போட்டா?"

"போட மாட்டேன்."

வெளியே அவன் வேட்டைக் கூட்டாளி க்ளைட் ஹாரன் அடித்தான். ஹார்லன் நின்றபடியே இரண்டு முட்டையை விழுங்கினான், அவள் கன்னத்தில் எண்ணெய் வாயால் முத்தமிட்டான், போனான். அது வியாழக்கிழமை. எல்க் மான் வேட்டைக்கு அனுமதி தொடங்க இன்னும் ஒரு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனை இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலமே க்ளைட் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். சிக்னல் கிடைக்கும் வளைவு வரை வண்டியை ஓட்டிவந்து கூப்பிட்டிருக்கிறான். டார்லாவுக்கு அந்தப் பேச்சில் பாதி நினைவில்லை. தான் கேட்டது மட்டும் நினைவிருந்தது.

"அவன் முதுகுல சுமை இருந்துச்சா?"

போனில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. பிறகு க்ளைட் சொன்னான்: "இல்ல டார்லா. அவன் பையை நான்தான் போட்டிருந்தேன். அடிச்ச எல்க்கோட பின்தொடை என் முதுகுல. அவன் துப்பாக்கியை மட்டும் தூக்கிக்கிட்டு முன்னால போனான். பத்து நிமிஷம்கூட நான் பின்தங்கல."

இதையே ஷெரீப் ஆபீஸிலும் சொன்னான், எழுதிக் கையெழுத்துப் போட்டான். இதயம் சட்டென்று நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் உருளைக்கிழங்கும் ஹாமும் பரிமாறியபோது, ஊரே க்ளைடின் தோளைத் தட்டிக்கொடுத்தது. கூட்டாளியின் சுமையைத் தூக்கியவன், அவனைத் தனியாக விடாதவன். டார்லாவும் அவனைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள்.

சொல்லும்போதே ஏதோ நெருடியது. க்ளைட் வாய் ஓயாதவன். ஒரு கதையை இரண்டு தடவை சொன்னால் இரண்டாவது தடவை மானுக்குக் கொம்பு ஒரு கிளை கூடியிருக்கும். ஆனால் இந்தக் கதையை அவன் யாரிடம் சொன்னாலும் ஒரே சொல்தான், ஒரே வரிசைதான். 'பத்து நிமிஷம்கூட நான் பின்தங்கல.' மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி.

அப்புறம் இறைச்சி. எப்போதும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். இந்தத் தடவை வெட்டிப் பொதிந்த அத்தனையையும் க்ளைட் அவள் வீட்டு ஃப்ரீசரில் கொண்டுவந்து அடுக்கினான்.

"உன் பங்கு எங்க?"

"எனக்கு இந்த வருஷம் எல்க் ஒத்துக்கல."

முப்பது வருஷமாக எல்க் தின்று உருண்டவனுக்கு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? நவம்பரில் அவன் கேட்காமலே வந்து விறகு வெட்டி அடுக்கினான். டிசம்பரில் வாசல் பனியைத் தள்ளினான். தபால் நிலையத்தில் கூட வேலை பார்க்கும் ஜோலீன் கண்ணடித்தாள்.

"க்ளைட் உன் வாசலையே சுத்தி வர்றான்போல?"

"வாயை மூடு."

"விறகு நல்லா அடுக்குவானா?"

"நல்லாத்தான் அடுக்குறான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஜோலீன் சிரித்தாள். டார்லா சிரிக்கவில்லை. எதற்கோ ஈடுகட்டுகிறவன் அடுக்குவதைப் போல இருந்தது அந்த விறகு. முனை முனையாக, ஒரு கட்டைகூடத் துருத்தாமல்.

ஜனவரியில் ஷெரீப்பின் ஆள் ஒருவர் ஹார்லனின் பொருட்களைத் திருப்பிக் கொடுத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் புது முதுகுப்பை இருந்தது. எல்க்கின் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அவள் அதைக் குளியல் தொட்டியில் போட்டு மூன்று தடவை அலசினாள். துணி கிழியவில்லை, சட்டம் வளையவில்லை. லேசானதை எடு என்று சொன்னவள் அவள். பை எங்காவது பிரிந்திருக்கிறதா என்று விரலால் தையலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பட்டையின் முனையில் பொசுக்கிய கறுப்பு மணி விரலில் பட்டது. அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் க்ளைட் தபால் வாங்க வந்தான். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று, வழுக்கும் கால்சட்டையை இரண்டு கையாலும் தொப்பைக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான். எப்போதும் செய்கிற வேலைதான். டார்லா அவன் கடிதங்களை நீட்டியபடி அப்படியே நின்றாள்.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. சனிக்கிழமை வீட்டுக்கு வா. ஹார்லன் பையை உனக்குத் தரணும்."

"எனக்கெதுக்கு அதெல்லாம்?"

"வா."

அந்த நான்கு நாளும் அவள் தன்னோடேயே வாதாடினாள். க்ளைட் இடுப்புப் பட்டையைக் கட்டாமல் தூக்கியிருக்கலாம். ஆனால் வேட்டைக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா, சுமையை இடுப்புதான் தாங்குகிறது, தோள் இல்லை என்று? எழுபது பவுண்டுத் தொடையைப் பட்டை போடாமல் நூறு அடி தூக்கினாலே தோள் கழன்றுவிடும். இரண்டு மைல் யார் தூக்குவார்கள்? ஒருவேளை க்ளைட் அப்போது ஒல்லியாக இருந்தானோ என்றுகூட நினைத்துப் பார்த்தாள். நினைத்துவிட்டு, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பகலில் க்ளைட் வந்தான். மேசைமேல் பை இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் காபியைப் பார்த்தான்.

"போட்டுப் பாரு," என்றாள்.

"அளவெல்லாம் பாக்கணுமா? கொடு, எடுத்துட்டுப் போறேன்."

"போட்டுப் பாரு க்ளைட். நான் என்ன கடைக்காரியா, உன்கிட்ட விக்கப் போறேனா?"

அவன் எழுந்து மாட்டினான். தோள்வார்கள் பொருந்தின. இடுப்புப் பட்டையின் இரண்டு நுனியையும் முன்னால் இழுத்தான். வயிற்றை எக்கினான். மறுபடி இழுத்தான். கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு சாண் தொப்பை நின்றது.

"வாலை அவிழ்த்து விடு," என்றாள் டார்லா.

க்ளைட் பக்கவாட்டில் தடவினான். இழுத்து விட வால் எதுவும் இல்லை. பொசுக்கிய முனையை விரலில் பிடித்துப் பார்த்தான்.

"இதை யாரு வெட்டினா?"

"அவன்தான். நீ வெளியில ஹாரன் அடிச்சப்போ. ஒரு அவுன்ஸ் மிச்சம்னு." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கட்டாமத் தூக்கினேன்னு மட்டும் சொல்லாத. எனக்குக் கோபம் வரும்."

க்ளைட் பையைக் கழற்றவில்லை. அதை மாட்டிக்கொண்டே சுவரோரம் நின்றான்.

"முன்னங்கால் ரெண்டையும் சேர்ந்துதான் இறக்கினோம்," என்றான். "வண்டிக்கு வந்து சேரப் பதினொரு மணி. பின்தொடை ரெண்டும் மேல மரத்துல தொங்குது. உடனே போலாம்னான். எனக்குக் காலெல்லாம் விறைச்சிருச்சு. நீ நட, பத்து நிமிஷத்துல வர்றேன்னேன். 'சோம்பேறிக் கிழவா, நான் ரெண்டையும் இறக்கிட்டு வந்து உன்னை எழுப்புறேன்'னு சொல்லிட்டுப் போனான். நான் ஹீட்டரைப் போட்டேன்."

"தூங்கிட்ட."

"தூங்கிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை மணி நேரம்." அவன் பையின் தோள்வாரைப் பிடித்துக்கொண்டான். "எழுந்து ஓடினேன் டார்லா. பாதி வழிகூட இல்ல. ஒரு விழுந்த மரத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தான். பட்டை போட்டபடியே. தொடை முதுகுலதான் இருந்துச்சு."

அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"நீதான கேட்ட, முதுகுல சுமை இருந்துச்சான்னு? நீ கேட்ட விதத்துல எனக்கு ஆமான்னு சொல்ல வாய் வரல. இல்லன்னுட்டேன். அப்புறம் அந்தத் தொடை எப்படிக் கீழ வந்துச்சுன்னு ஷெரீப் கேட்டாரு. நான் தூக்கினேன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணுக்கு மேல ஒண்ணாச் சொல்லிக்கிட்டே போக வேண்டியதாப் போச்சு."

டார்லா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அவன் தூங்கினான் என்பதைவிட, ஹார்லன் தனியாக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் அவளை அரித்தது. சட்டென்று என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆனால் சட்டென்று போகிறவன் சாய்ந்து உட்கார மரம் தேடுவானா?

"அவன் உட்கார்ந்த இடத்துலேருந்து வண்டி தெரியுமா?" என்று கேட்டாள்.

க்ளைட் உடனே சொன்னான். "தெரியாது. மரம் அடர்த்தி. ஒண்ணும் தெரியாது."

"நிச்சயமாவா?"

"சத்தியமா."

பையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். வாசலில் நின்று, ஷெரீப்பிடம் போய் மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டான். அது உன் பாடு என்றாள். இரண்டு நாள் கழித்து அவன் போய்ச் சொல்லிவிட்டான் என்று ஜோலீன் வந்து சொன்னாள். ஊர் அவன் தோளைத் தட்டுவதை நிறுத்திவிட்டது. அவன் தபால் வாங்க வரும்போது டார்லா மட்டும் எப்போதும்போலக் கடிதங்களை எடுத்து நீட்டினாள். வேறு யாரும் வேண்டாம் என்று அவளே கவுன்ட்டருக்கு வந்துவிடுவாள். அது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் பனி உருகிப் பாதை திறந்தது. நானும் வருகிறேன், இடத்தைக் காட்டுகிறேன் என்று க்ளைட் சொன்னான். வேண்டாம், அடையாளம் மட்டும் சொல் என்றாள். ஓடையை இரண்டாம் தடவை தாண்டியதும், இடதுபுறம், இடி விழுந்து கருகிய பைன், அதற்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறது அந்த மரம்.

டார்லா ஹார்லனின் புதுப் பையைத்தான் போட்டுக்கொண்டாள். அவள் இடுப்புக்குப் பட்டை சரியாக இருந்தது, கொஞ்சம் தளர்வாகக்கூட. தண்ணீரும் ரொட்டியும் வைத்தாள். கிளம்பும்போது கொட்டகையில் மிச்சமிருந்த உப்பு மூட்டை ஒன்றைப் பார்த்தாள். அதையும் தூக்கி உள்ளே வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்க அங்கே இல்லை.

அன்று க்ளைட் வண்டியை நிறுத்தியிருந்த அதே திடலில் தன் வண்டியை நிறுத்திவிட்டு, கெட்டில் ஓடைப் பாதையில் காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினாள். நாற்பது பவுண்டே அவளை உலுக்கி எடுத்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றாள். நிற்கும்போதெல்லாம் தைத்த இடம் முனகுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். பை முனகவில்லை. அவள்தான் முனகினாள். இரண்டாம் தடவை ஓடையைத் தாண்டியபோது மணி ஒன்பதரை. கருகிய பைன் இருந்தது. விழுந்த மரமும் இருந்தது. அதன் பட்டை உரிந்து, ஒரு ஆள் சாய்ந்து உட்காரும் அகலத்துக்கு வழவழவென்றிருந்தது.

பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். மூச்சு அடங்கட்டும் என்று கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தாள்.

எதிரே, பள்ளத்தாக்கின் சரிவில், காட்டுத்தீ போன இடத்தில் மரம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தீ பல வருஷத்துக்கு முந்தியது. கருகிய கம்பங்களுக்கு நடுவே இளஞ்செடிதான் முளைத்திருந்தது. அதற்குக் கீழே ஓடையின் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் சரளைக்கல் போட்ட சின்னத் திடல், அறிவிப்புப் பலகை. திடலின் ஓரத்தில் அவளுடைய நீல நிறப் பிக்கப் வண்டி.

கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் வெயில் பட்டுப் பளிச்சிட்டது.