கூம்புக்குள் கனல்

காலை பத்தேகாலுக்கு ஈஸ்வரமூர்த்தி போன் செய்தபோது மௌனிகா கொல்லங்கோட்டில் ஒரு அரிசி ஆலையில் வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, நம்ம பட்டறையில தூசி மெஷின் இழுக்கவே மாட்டேங்குது. காலையில இருந்து ஆளுகளுக்கெல்லாம் தலவலி வேற. கொஞ்சம் வந்து பாருங்க. மூணு மணிக்கு லோடு ஏத்தோணும்.”

அவருடைய கதவுப் பட்டறை கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. பதினோரு பேருக்கு அங்கே வேலை. பலகையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூளைக் குழாய்கள் உறிஞ்சி, பின்சுவருக்கு வெளியே நிற்கும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான இரும்புப் பெட்டிக்குள் தள்ளும். பெட்டிக்குள் தொங்கும் துணிப் பைகள் தூளைத் தடுக்க, சுத்தமான காற்று மறுபடி பட்டறைக்குள் வரும். தூள் அடியிலிருக்கும் கூம்பில் சேரும். இப்படிப்பட்ட பெட்டிகளைப் பராமரிக்கும் கோயமுத்தூர் கம்பெனியில் மௌனிகா ஆறு வருடமாக இருந்தாள்.

தேய்க்கும் மெஷினின் வாய்க்குழாயில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தாள். ஒட்டாமல் கீழே விழுந்தது. மெஷினை ஓட்டும் அர்த்தநாரி நெற்றியில் ஈரத்துண்டைக் கட்டியிருந்தார். பன்னிரண்டு வருடமாக அங்கேயே இருப்பவர்.

“கருகுன வாசம் ஒண்ணு வந்துட்டே இருக்குதுங்க” என்றார். “பெல்ட்டுன்னு பாத்தேன். பெல்ட் நல்லாத்தான் இருக்குது.”

அவள் பின்பக்கம் போனாள். அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்பைத் தாண்டி நின்றது. பைகள் அடைத்திருந்தன. பைகளை உதறிவிட ஆறு வால்வுகள் வரிசையாகக் காற்றை அடிக்க வேண்டும். காதைக் கொடுத்துக் கேட்டாள். இரண்டாவதும் ஐந்தாவதும் சத்தமே காட்டவில்லை. அவற்றைத் திறந்து மூடும் மின்சுருளான காயில்கள் எரிந்திருந்தன. தன் கருவிப் பையிலிருந்து புதிய காயில்களை எடுத்து மாட்டினாள். அரை மணி நேர வேலை. சுவிட்சைப் போட்டதும் ஆறு வால்வுகளும் பட் பட்டென்று அடித்தன. பைகளில் அப்பிக்கிடந்த தூள் கூம்புக்குள் கொட்டும் சத்தம் கேட்டது. முள் மெல்ல இறங்கியது.

உள்ளே வாய்க்குழாய் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டது. “அவ்வளவுதானா!” என்று ஈஸ்வரமூர்த்தி சிரித்தார்.

மௌனிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று நன்றாக வரத்தொடங்கிய பிறகு கருகல் வாசம் குறையவில்லை, கூடியது. பத்து நிமிடத்தில் அவளுக்கும் நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. எரிந்துபோன காயில் இத்தனை பேருக்குத் தலைவலி கொடுக்காது. பெட்டியிலிருந்து திரும்பி வரும் காற்றில்தான் ஏதோ கலந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்பக்கம் ஓடினாள். புறங்கையைக் கூம்பின் தகட்டில் வைத்தாள். மேல்பாகம் சில்லென்று இருந்தது. கையைக் கீழே நகர்த்தினாள். ஓரிடத்தில் கை தானாகப் பின்னால் வந்தது. அந்த இடத்தில் நீலப் பெயின்ட் பழுப்பேறியிருந்தது.

உள்ளே எதுவோ கனன்றுகொண்டிருந்தது. அதன் மேல்தான் அவள் தூளைக் கொட்டியிருந்தாள். விசிறிவிட்டதும் அவள்தான்.

மெயின் சுவிட்சை இறக்கினாள். பட்டறை முழுக்க நிசப்தமானது. ஈஸ்வரமூர்த்தி வெளியே வந்தார்.

“ஏனம்மிணி நிறுத்திட்டீங்க?”

“உள்ளார தீ கிடக்குதுங்ணா. எல்லாரையும் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஃபயர் ஃபோர்ஸக் கூப்புடோணும்.”

“பொகையே காணமே. அர்த்தநாரி, அடிக்கதவத் தொறந்து தூள வாரிக் கொட்டப்பா. ரெண்டு குடம் தண்ணி ஊத்துனா ஆச்சு.”

அர்த்தநாரி குனிந்து கூம்பின் கதவுக் கொக்கியில் கை வைத்துவிட்டார்.

“தொடாதீங்க!” அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் மண்ணில் விழுந்தார்கள். “தொறந்தா காத்து உள்ள போகும். தூள் பறக்கும். பறக்குற தூள்ல தீப்புடிச்சா அது வெடிங்கண்ணா, வெடி.”

அர்த்தநாரி எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“நேத்து இரும்பு கேட்டுக்கு கிரைண்டிங் போட்டோம் மொதலாளி” என்றார் தணிந்த குரலில். “பொகை அதிகமா இருக்குதுன்னு இந்தக் குழாயிலதான் சேத்து வெச்சேன். பொறியெல்லாம் உள்ள போயிருச்சு போல.”

ஈஸ்வரமூர்த்தி போனை எடுத்து ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிட்டார். செய்யச் சொன்னதே அவர்தான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன் சர்வீஸுக்கு வந்தபோது அந்த கிரைண்டர் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்ததை மௌனிகாவும் பார்த்திருந்தாள். சும்மா வைத்திருக்கிறோம் என்றார்கள். சர்வீஸ் அறிக்கையில் அதை எழுதாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பதினோரு பேரும் ஈஸ்வரமூர்த்தியும் ரோட்டுக்கு அந்தப்புறம் புளியமரத்தடிக்குப் போனார்கள். அவள் இரண்டு முறை எண்ணினாள். பெட்டியின் தோப்புப் பக்கத்தில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. உள்ளே அழுத்தம் எகிறினால் அது மட்டும் கிழிந்து வழிவிடும். அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கத்திக் கூப்பிட்டாள். அவர் அவசரப்படாமல், ஆடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

கடைசி ஆடு ரோட்டில் ஏறிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பெட்டிக்குள் தூள் குவியல் மண்சுவர்போலச் சரியும் சத்தம். அடுத்த நொடி ‘பும்’மென்று காது அடைத்தது. தகடு பிய்ந்து தோப்புக்குள் பறந்தது. அதன் பின்னாலேயே ஒரு தென்னை உயரத்துக்கு மஞ்சள் தீ நீண்டு, சட்டென்று உள்ளிழுத்துக்கொண்டது. பட்டறைக் கூரையின் பின்வரிசை ஷீட்டுகள் நொறுங்கி விழுந்தன. அர்த்தநாரி கை வைத்த அடிக்கதவு கொக்கியோடு பெயர்ந்து, எதிரே இருந்த சுவரில் குத்தி நின்றது.

ஃபயர் ஃபோர்ஸ் வண்டி வந்தபோது கூம்பு மட்டும் சிவந்து புகைந்துகொண்டிருந்தது. நுரையையும் தண்ணீரையும் மெல்லப் பாய்ச்சி அணைக்க மூன்று மணி நேரம் ஆனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அர்த்தநாரி அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றார். கதவு குத்தியிருந்த உயரம் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார்.

அறிக்கையில் மௌனிகா எல்லாவற்றையும் எழுதினாள், தான் மூன்று மாதத்துக்கு முன் பார்த்ததும் எழுதாமல் விட்டதும் சேர்த்து. ஈஸ்வரமூர்த்தி படித்துவிட்டு, “இதையும் எழுதோணுமாம்மிணி? உங்க வேலைக்கே வம்பாயிருமே” என்றார்.

“எழுதோணுங்ணா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, கிரைண்டர் வைக்கச் சொன்னது தான்தான் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் மட்டுமில்லீங்க. இந்த ரோட்டுல இன்னும் நாலு பட்டறையில இப்படித்தான், மரத்துக்கும் இரும்புக்கும் ஒரே குழாய்.”

மணி நாலரை ஆகியிருந்தது. அவள் வண்டியை எடுத்து மெயின் ரோட்டில் ஏறினாள். முதல் வளைவைத் தாண்டியதும் ஒரு பட்டறைக்குள்ளிருந்து கிரைண்டர் இரும்பைத் தின்னும் சத்தம் கேட்டது. வாசலில் மரத்தூள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வண்டியை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள்.