மூக்கில் மஞ்சள் கோடு

கண்காட்சிக் கூடத்துக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில், அண்ணன் செய்த குட்டி டீசல் எஞ்சின். அப்பா ஓட்டிய எஞ்சினேதான், அச்சு அசலாக. அவர் அதைக் கடைசியாக ஓட்டிய ஆண்டையும் அட்டையில் எழுதி வைத்திருந்தான். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

"மூக்குல ஏன் மஞ்சக் கோடு போட்ட?"

"ஃபோட்டோல இருக்கே. பச்சை மேல எடுப்பா இல்ல?"

"அது பின்னாடி எடுத்த ஃபோட்டோ. விபத்துக்கு அப்புறம்தான் கோடே போட்டாங்க."

"ஒரு கோடுதானே. யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப்போறா?"

பட்டாணி அளவு விளக்கை எரியவைக்கத் தெரிந்தவனுக்கு மண்டையில் விளக்கு எரியவில்லை. விபத்து நடந்த அந்த நாளைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்க மாட்டோம், அதுதான் வினை. பனிமூட்டத்தில் கரும்பச்சை எஞ்சின் கண்ணுக்குத் தெரியாமல்தான் வேன்காரர் தண்டவாளத்தில் ஏறி அடிபட்டுச் செத்தார். விசாரணையில் அப்பா தப்பியதும் அதனால்தான். இறந்தவரின் தம்பி இன்றுவரை அதை நம்பவில்லை.

"அவரு வெளிய வரிசையில நிக்கிறாரு," என்றேன். "இந்தக் கோட்டைப் பாத்தா என்ன சொல்வாரு? இவ்வளவு பளிச்சுன்னு வந்த எஞ்சின் எங்கண்ணனுக்குத் தெரியலையாம்பாரு."

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. "அட்டையில வருஷத்தை மாத்திடவா?"

"அதுக்கப்புறம் அப்பா எஞ்சின்ல ஏறவே இல்லையேடா."

அவன் பெட்டியைத் திறந்து எஞ்சினை மேசைமேல் வைத்தான். மஞ்சள் பெயிண்ட் ஸ்பிரிட்டில் கரையும், அடியில் இருக்கும் பச்சை எனாமல் தாங்கும். பஞ்சை நனைக்கும் அவசரத்தில் ஸ்பிரிட் மேசையெல்லாம் கொட்டியது. எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

பக்கவாட்டுக் கதவு வழியாக அப்பா வந்துவிட்டார்.

"கொஞ்சம் இருடா," என்றார்.

குனிந்து அந்த மூக்கையே பார்த்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அப்பா, தொறக்கப்போறாங்க."

அவர் காதில் விழவில்லை. எஞ்சினைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். கண்ணைச் சுருக்கினார். இன்னும் நகர்ந்தார். சுவரில் முதுகு முட்டியதும் நின்றார்.

"இங்கேருந்தே தெரியுதே," என்றார். "அன்னிக்கே இதைப் போட்டிருந்தா..."

பிறகு திரும்பி வந்து, அண்ணன் கையிலிருந்த பஞ்சை வாங்கி, கோட்டை அவரே துடைத்தார்.