சம்பங்கி வருகிறதா?

டெல்லியில் மூக்கு வேலை செய்யாமல் போவது குறையே அல்ல, சலுகை என்று ராஜகோபாலன் ஆபீசில் ஜோக்கடிப்பது வழக்கம். தீபாவளிக்கு மறுநாள் காற்று, கோடையில் சாக்கடை நாலா, ஜூன் மாத பஸ் எதுவும் தன் மனைவியை அண்டாது என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு, காரணமில்லாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

கொரோனா இரண்டாவது அலையில் போனது உமாமகேஸ்வரியின் மூக்கு. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, வாசனை மட்டும் போன இடத்திலேயே தங்கிவிட்டது. வேறு யாருக்காவது போயிருந்தால் இவ்வளவு நஷ்டமில்லை. ராஜகோபாலனுக்கே போயிருந்தால் அவர் கவனித்திருக்கக்கூட மாட்டார். உமாவோ நைவேத்தியத்துக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பதால், கொதிக்கிற சாம்பாரை மோந்தே உப்புச் சொல்லுகிறவள். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டில் காபி இறக்கினால், மாடியிலிருந்து, "லதா இந்தத் தடவை சிக்கரி ஜாஸ்தி போட்டுட்டா" என்பாள். லதாவிடம் போய்க் கேட்டால் ஆமாம் என்பாள்.

இப்போது சாம்பார் ஒரு நாள் உப்புக்கல், மறுநாள் வெந்நீர். போன வாரம் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து, பக்கத்திலேயே நின்று கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ராஜகோபாலன் ஓடி வந்து மூடியபோது, "ஏன்னா, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவருக்கு ஜோக் வரவில்லை.

பெருங்காயம், கற்பூரம், வசம்பு என்று கீழ்மட்டத்தில் எல்லாம் முயன்றாகிவிட்டது. ஃபைல் மேலே போக வேண்டிய நேரம். ஈ.என்.டி. டாக்டரும் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "ரொம்பப் பிடிச்ச பழைய வாசனை ஏதாவது இருந்தா கொடுத்துப் பாருங்க. இனிமே வராதுன்னுதான் நினைக்கறேன்" என்றார். ராஜகோபாலன் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

பிடித்த வாசனை ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் கன்னாட் பிளேஸில் ஒரு பெரிய மனுஷி இவர்களைக் கடந்து போனாள். உமா அப்படியே நின்றுவிட்டாள். "கல்யாண மண்டபத்தையே தலையில வெச்சுண்டு போறான்னா அந்த மாமி! மல்லி, ரோஜா, நடுவுல சம்பங்கி!" என்றாள். அந்த சென்ட்டின் பெயரை ராஜகோபாலனின் ஆபீசில் ஒருத்தி, விவரம் கேட்டுப் பிற்பாடு சொன்னாள். பாட்டி காலத்து சென்ட், இன்னமும் விற்கிறது என்றாள்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை சாகேத் மால். ராஜகோபாலன் இதற்கென்று இஸ்திரி போட்ட சட்டையில், ரிசல்ட் பார்க்க வந்த பையன்போல நின்றார். கவுண்டரில் இருந்த பெண் இவர்கள் பேசுவதைக் கேட்டு முகம் மலர்ந்தாள்.

"அங்கிள், நீங்க தமிழா? நானும் தமிழ்தான், மஞ்சு. பட் தோடா தோடாதான் பேச வரும். ஆன்ட்டிக்கா?"

"ஆன்ட்டிக்குத்தான். எனக்கு அடிச்சா சென்ட்டுக்கு மரியாதை இல்லைம்மா."

மஞ்சு சிரித்துக்கொண்டே வெள்ளைக் காகிதப் பட்டையில் அந்த சென்ட்டை ஒரு முறை பீய்ச்சினாள். கவுண்டரைச் சுற்றி ஒரு பூக்கடையே திறந்தது. மூக்கின் தொழிலில் கடைசி பெஞ்சான ராஜகோபாலனுக்கே தலை லேசாகக் கிறுகிறுத்தது. உமா பட்டையை மோந்தாள். மறுபடி மோந்தாள். பரீட்சையில் தெரியாத கேள்வியைப் படிப்பவள்போல் புருவத்தைச் சுருக்கினாள்.

"வரலைன்னா."

"அவசரப்படாதே. மணிக்கட்டுல அடிச்சுப் பார்ப்போம்."

மணிக்கட்டில் அடித்தார்கள். வரவில்லை. முழங்கையில் அடித்தார்கள். ராஜகோபாலன் குரல் உயர்ந்தது. "கண்ணை மூடிக்கோ. வேற எதையும் நினைக்காதே. கன்னாட் பிளேஸை நினைச்சுக்கோ. அந்த மாமியை நினைச்சுக்கோ. சம்பங்கி வரதா?"

உமா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சந்நிதியில் நிற்பதுபோல் கைகூடக் கூப்பியிருந்தது.

மஞ்சுவுக்கு இவர்கள் கதை தெரியாது. வாடிக்கையாளர் மூக்கு குழம்பினால் காபிக்கொட்டையை மோக்கக் கொடுக்க வேண்டும், பிறகு அடுத்த சென்ட் என்பது அவர்கள் வழக்கம். கவுண்டரிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து உமாவின் முகத்தருகே நீட்டினாள். வறுத்த கொட்டை. ராஜகோபாலன் நின்ற இடத்துக்கே அதன் வாசனை வந்தது.

உமா நீளமாக இழுத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"வரதுன்னா! மல்லி. ரோஜா. ஆமாம், சம்பங்கி கூட! லேசா, ஆனா வரது!"

மஞ்சு வாயைத் திறந்தாள். "ஆன்ட்டி, யே தோ காபி..."

ராஜகோபாலன் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார். மஞ்சுவின் வாய் மூடிக்கொண்டது. கிண்ணத்தை அவள் சத்தமில்லாமல் கவுண்டருக்கு அடியில் வைத்தாள்.

"பேஷ்!" என்றார் ராஜகோபாலன். "நான் சொன்னேனோல்லியோ? இதைப் பேக் பண்ணும்மா."

"எதுக்குன்னா வாங்கிண்டு? அதான் வந்துடுத்தே" என்றாள் உமா சட்டென்று.

"வந்ததுக்குத்தான்."

மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மினார். எதிரில் இருந்த பெண் துப்பட்டாவைச் சரிசெய்வதுபோல் மூக்கை மறைத்துக்கொண்டாள்.

"ஜாஸ்தி அடிச்சுட்டாளா?" என்றாள் உமா.

"சே, கரெக்டா இருக்கு."

அவள் மடியில் இருந்த பையைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஏன்னா, இனிமே டாக்டர்கிட்ட போக வேண்டாமே. பெருங்காய டப்பாவையும் காலம்பற என் மூஞ்சிக்கு நேரா நீட்ட வேண்டாம். அதான் சரியாப் போச்சே."

எதற்காக வந்த வாசனை என்று ராஜகோபாலனுக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு வருஷ சர்வீஸில் எத்தனையோ ஃபைலை அவரும் இப்படித்தான் மூடியிருக்கிறார்.

"வேண்டாம்" என்றார். "சரியாப் போச்சு."

கொஞ்சம் கழித்து அவள் மணிக்கட்டை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்கோ, எப்படி இருக்கு?"

அவர் குனிந்து மோந்தார். மனதுக்குள் துழாவினார். "பூ வாசனையா இருக்கு."

"என்ன பூ?"

"அது... பூதான். நல்ல பூ."

"உங்களுக்கு மூக்கு இருந்து என்ன பிரயோஜனம்?" என்றாள்.

சொன்ன பிறகு இருவரும் எதிர் ஜன்னலில் ஓடுகிற இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஐ.என்.ஏ.யில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, யோசனையில் ராஜகோபாலன் மார்க்கெட்டுக்குள் திரும்பிவிட்டார். எப்போதும் அதைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். மீன்கடைச் சந்தின் பக்கமே வர மாட்டாள் உமா. அந்த நாளில் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே புடவைத் தலைப்பு மூக்குக்குப் போய்விடும்.

இன்று அவள் ஈரத் தரையில் செருப்பு வழுக்காமல் பார்த்து நிதானமாக நடந்தாள். செதிலும் ஐஸும் ரத்தமும் சிதறிக் கிடந்த மேஜைகளைத் தாண்டினாள். கையிலிருந்து சம்பங்கி வீசிக்கொண்டே வந்தது. சந்தைத் தாண்டி, வெளியே பழ வண்டிகள் பக்கம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். நடந்து வந்த இடம் எது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ராஜகோபாலனைப் பார்த்தாள். பிறகு அவசரமாகத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பப்பா, என்ன நாத்தம்னா!"

கொய்யாப்பழ வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

ராஜகோபாலன் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறித் தன் மூக்கையும் பொத்திக்கொண்டார்.

"தாங்கலை" என்றார். "ஜல்தி நட."