உடுப்புக் காசு

பாரிஸின் லா ஷப்பலில் பிள்ளைகளின் நடன வகுப்பை நடத்தப் பெற்றோர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் பொருளாளர் கோசலை. கிழமை நாட்களில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. ஞாயிறுகளில் மற்றத் தாய்மாரோடு சங்கத்துக்காக றோல்ஸ் பொரித்து விற்பாள். 1987 மாசியில், ஆண்டு விழா உடுப்புக்கென்று இரண்டாயிரத்து அறுநூறு பிராங்க் சேர்ந்திருந்தது.

அந்த நேரம்தான் வகுப்பில் ஆடும் பேர்ளியின் தகப்பன் இராயப்பு அவளைத் தேடி வந்தார். மூன்று வருடத்துக்கு முன் மகளோடு மட்டும் பாரிஸ் வந்தவர். ஊரில் இருந்த மனைவி பியட்றிசுக்கு ஒருவழியாக விசா கிடைத்திருந்தது. அது முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

“தங்கச்சி, அவவின்ரை பிளேன் ரிக்கெற்றுக்கு ஆயிரத்து எண்ணூறு குறையுது. இண்டைக்குக் கட்டாட்டில் சீற்றை வேறை ஆருக்கும் குடுத்திடுவாங்கள்.”

கோசலை சங்கக் கணக்கில் செக் எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.

ஞாயிறு கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னாள். “பிழை என்ரைதான். என்ரை சம்பளத்திலை கட்டுறன். பொறுப்பையும் விடுறன்.”

செயலாளர் லூசியா காசு விஷயத்தில் கண்டிப்பானவள். “சங்கக் காசை ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை.”

லூசியா பேனையை மூடினாள்.

“பியட்றிஸ் எப்ப வாறா?”

“வெள்ளிக்கிழமை.”

“நல்லது. இனிமேல் செக்கிலை ரெண்டு கையெழுத்து வேணும். மற்றது நான் போடுறன். நீர் பொறுப்பை விடத் தேவையில்லை. இராயப்பு அண்ணை மாதாமாதம் திருப்பிக் கட்டட்டும்.”

“உடுப்புக்கு என்ன செய்யிறது?” என்று யாரோ கேட்டார்கள். பாண்டிச்சேரி ஆலீஸ் கை தூக்கினாள். “எங்கிட்ட ரெண்டு பட்டுப் புடவை சும்மா கெடக்கு. வெட்டித் தச்சுக்கலாமே.” கூட்டம் முடியுமுன் ஒன்பது சேலைகள் சேர்ந்துவிட்டன. பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் இருந்த தன் வீட்டில் லூசியாவே மூன்று கிழமை இருந்து தைத்தாள்.

விழாவன்று கோசலை வழக்கம்போல வாசலில் ரிக்கெற் மேசையில் இருந்தாள். போன இரண்டு விழாவிலும் தன் மகள் ஆடியதை அவள் பார்த்ததில்லை. லூசியா வந்து கதிரையைப் பிடித்தாள்.

“போம். மேசையை நான் பாக்கிறன்.”

உள்ளே, தன் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து பியட்றிஸ் இடம் பிடித்திருந்தாள். கோசலை இருந்ததும் அவளுடைய கையைப் பிடித்தவள், ஆட்டம் முடியும்வரை விடவில்லை. கோசலைக்கு மேடை கொஞ்ச நேரம் கலங்கித்தான் தெரிந்தது.