ஒடிந்த ஸ்டட்டைப் பற்றி மட்டும்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கார் இன்ஜின்ல ஒடிஞ்ச ஸ்டட்ட எப்படி எடுத்தேன்னு மட்டும்தான் எழுதப் போறேன்" என்று என் தம்பியிடம் சொன்னேன். எடுத்தேன் என்பதும் பொய். எடுத்தவன் அவன், அவன் மெக்கானிக். நான் விளக்குப் பிடித்தவள்.

"எழுது. ஆனா பாப்பா விஷயத்த எழுதாதக்கா."

சரி என்று தலையாட்டினேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாய்க் கொத்து. அதை இன்ஜினோடு இறுக்கிப் பிடித்திருக்கும் மரையாணிகளுக்கு ஸ்டட் என்று பெயர். ஒன்று ஒடிந்தால் இடுக்கு விழும். அந்த இடுக்கின் வழியே

மூன்று நாள் ஆகியும் இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. அந்த இடுக்கின் வழியே வந்தது என் மகளிடம்தான் வந்தது.

2.

ஆகவே பாப்பா விஷயத்தை எழுதுகிறேன். தம்பி என்னை மன்னிக்கட்டும்.

அன்று நல்ல மழை. பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஏழு வயது. சாரல் அடிக்கிறது என்று நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டிருந்தேன். பாலத்தடியில் தண்ணீர் நின்று, முக்கால் மணி நேரம் ஒரு வண்டியும் நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம்.

"தல வலிக்குதும்மா."

"வீட்டுக்குப் போயி படுத்துக்கலாம்டா."

எனக்கும் நெற்றிப்பொட்டு விண்விண் என்றது. பின்சீட்டில் அவள் தூங்கிப்போனாள். அப்பாடா, நச்சரிக்கவில்லை என்று நினைத்தேன். [இந்த 'அப்பாடா'வை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நினைத்தது உண்மை. இருக்கட்டும்.]

வீட்டு வாசலில் எழுப்பினேன். அவள் எழவில்லை.

[இங்கே அவள் முகத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கிழித்துவிட்டேன்.]

வெளியே தூக்கி, மழையிலேயே மடியில் போட்டுக்கொண்டு உலுக்கினேன். வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். "வண்டிப் புகைம்மா. இன்னும் அரை மணி ஆகியிருந்தா..." என்ற டாக்டரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் வந்தவர்கள். நானோ அவள் கண்ணயர்ந்தால் போதும், மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3.

இனி தம்பி என்ற பாத்திரம். இவனை எழுதத்தான் பயமாக இருக்கிறது.

அந்தச் சத்தத்தை மூன்று வாரம் முன்பே அவன் கேட்டிருந்தான். நான் எழுதிப்பார்த்த ஒரு வடிவத்தில், "வண்டிய இப்பவே விட்டுட்டுப் போ" என்று அவன் சொல்ல, நான் கேட்காமல் போகிறேன். இன்னொன்றில், அவன் காதிலேயே வாங்கவில்லை. முதலாவதில் அவன் தப்பிக்கிறான், இரண்டாவதில் நான்.

நடந்தது இது. பானெட்டைத் திறந்து குனிந்தவன், "ஸ்டட் ஒண்ணு போயிருக்குக்கா. வேல குமிஞ்சு கெடக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம். கண்ணாடிய மட்டும் எறக்கி வச்சுக்கோ" என்றான். கடைசி வாக்கியத்தை அவன் மெதுவாகச் சொன்னான். அல்லது நான் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவனும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

இதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

4.

என் கணவர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். தம்பி ஒப்பவில்லை.

"வித்தா, வேற யாரோட பிள்ளையோ பின்னாடி உக்காரும் மாமா. நானே எடுத்துடறேன்."

நானும் பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, ஒற்றை ஜன்னல், ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். மேனிஃபோல்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தான். எட்டு ஸ்டட்டுகளில் கடைசியானது, டேஷ்போர்டுப் பக்கத்து மூலையில், வெளியே துளியும் நீட்டாமல் இன்ஜின் மட்டத்தோடு ஒடிந்திருந்தது. அதைச் சுற்றிக் கரி விசிறிபோலப் படிந்திருந்தது. அவன் அதை விரலால் தொட்டுக் காட்டினான்.

"டிரில் போட்டு எடுத்துட முடியாதா?"

"நூலளவு சறுக்குனா இன்ஜின் ஹெட்டே போச்சுக்கா. அலுமினியம். உள்ள தண்ணி போற வழி வேற."

முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தான். பேட்டரியைக் கழற்றினான். பெட்ரோல் குழாயை ஈரச் சாக்கால் மூடினான். ஒடிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக்கினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சூடு கொஞ்சம் இறங்கியதும் ஸ்பேனரை மாட்டினான். நட்டு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது.

இரண்டாவது நட்டும் அப்படியே. மூன்றாவதை எடுத்தவன் கீழே வைத்துவிட்டான்.

"கை நிக்கலக்கா."

பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறவன். டயர் மேல் உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரில அவ என் வெரலப் புடிச்சா. நான் உருவிக்கிட்டேன்."

"தெரியும். பாத்தேன்."

"ஏன்னு கேக்கலியே நீ."

"கேட்டா, என்னையும் நான் கேக்கணும்டா."

இதுதான் நாங்கள் பேசியதிலேயே அந்த விஷயத்துக்கு அருகில் வந்த பேச்சு. [முன்பு 'பேசியதில்லை' என்று எழுதினேன். பேசியிருக்கிறோம் போல. திருத்தவில்லை.]

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தான். மூன்றாவது நட்டு பிடித்தது. இழுக்கவில்லை அவன், மயிரிழை முன்னால், மயிரிழை பின்னால். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கிறீச். ஒவ்வொரு கிறீச்சுக்கும், இதோ ஒடிந்தது என்று நினைத்தேன். விளக்கின் வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

"அக்கா, வெளக்க ஆட்டாத."

"நான் எங்கடா ஆட்டுறேன்?"

கால் சுற்று. அரைச் சுற்று. பிறகு சத்தமே இல்லாமல் சுழன்று வெளியே வந்தது. விரல் நீளம்கூட இல்லை.

இங்கே அவன் அழுதான் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். அழவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நல்ல நிலையிலிருந்த மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.

"அதெல்லாம் நல்லாத்தானடா இருக்கு?"

"இருக்கட்டும்."

5.

மறுநாள் எட்டும் புதிது, இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டும் புதிது. பட்டறை முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே அவன் மட்டும் உட்கார்ந்தான். மடியில் புகை அளக்கும் கருவி. ஒரு மணி நேரம் என்று கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் கண்ணாடியைத் தட்டுவேன். அவன் கட்டைவிரலைக் காட்டுவான்.

எட்டாவது முறை தட்டினேன். அவன் கண்கள் மூடியிருந்தன. கட்டைவிரல் எழவில்லை.

கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது.

"சத்தம் இருக்கான்னு கண்ண மூடிக் கேட்டுட்டிருந்தேன்க்கா! விடு! பூஜ்யம் காட்டுது, பாரு!"

பார்த்தேன். பூஜ்யம்தான். காலரை விட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

6.

முடிவு. மூன்று எழுதினேன். ஒன்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வண்டியில் வீடு திரும்புகிறார்கள். படித்தால் விளம்பரம்போல் இருக்கிறது. இன்னொன்றில் நான் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போகிறேன், தம்பி காலி வண்டியோடு பின்னால் ஊர்ந்து வருகிறான். அவன் என் தம்பி, எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதைச் சொல்ல மாட்டேன்.

இதுவரைதான் எனக்கு நிச்சயம்: பள்ளி வாசல். தம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். கருவி பூஜ்யம் காட்டுகிறது. மகள் பின்கதவைத் திறந்துவிட்டாள், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். ஏனோ நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"அம்மா, ஏறவா?"

தம்பி ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வாயைத் திறக்கப் போவதில்லை. எனக்கு வார்த்தை வரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, அவள் முதுகில் பை கனக்கிறது.