ஐந்தருவி விலகிய வருஷம்

போன ஆடியில் ஐந்தருவித் தண்ணீர் ஷரீபுன்னிசாவின் மேலும் அவள் மகள் சஃப்ரினின் மேலும் விழவில்லை. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எல்லோர் தலையிலும் இறங்கிய நீர், இவ்விருவர் தலைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் பிரிந்து பக்கத்தில் நின்றவர்கள்மேல் கொட்டியது. "ஏக்கா, குளிக்க வந்தீகளா, வேடிக்க பாக்க வந்தீகளா? உள்ள தள்ளி நில்லுங்க" என்று பெண் காவலர் ஜெயசித்ரா விசில் ஊதினார். அவர்கள் பாறையை ஒட்டித்தான் நின்றார்கள். உடுப்பில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. அதைப் பார்த்ததும் ஜெயசித்ராவின் வாயிலிருந்து விசில் நழுவிவிட்டது. பதினொரு வயதுச் சஃப்ரின், "உம்மா, என்னைய ஏன் தண்ணிக்குப் பிடிக்கல?" என்று வீறிட்டாள்.

கடையநல்லூரில் அவர்கள் தெருவுக்கு மருந்து விமானத்தில்தான் வரும். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவன் பெட்டியில் தைலம், சென்ட், மாத்திரை மூன்றும் இல்லையென்றால், "வெறுங்கைய வீசிக்கிட்டா வந்தான்?" என்று பேச்சு வரும். ஷரீபுன்னிசாவின் கணவன் முகம்மது ரபீக் சவூதியின் தம்மாமிலிருந்து கொடுத்துவிட்ட வலி மாத்திரை அவள் மூட்டுவலிக்கு உடனே கேட்டது. பிறகு தலைவலிக்கும் அதுவே, மகளின் வயிற்றுவலிக்கும் பாதி அதுவே. டாக்டரைப் பார்க்கலாமே என்றால், "அவரு எழுதுறது உள்ளூரு மாத்திர. இது ஃபாரின்லா!" மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த அரபித் தாளை அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். குர்ஆன் ஓதிப் பழகியதால் வாசிக்கத் தெரியும், பொருள் தெரியாது. தெருப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்பார்கள்.

அருவியிலிருந்து திரும்பிய அன்றும் பயத்தில் அந்தத் தாளைத்தான் எடுத்து வாசித்தாள். தம்மாமில் கார் ஓட்டிவிட்டு முந்தின வாரம்தான் ஊரோடு வந்துவிட்ட அடுத்த வீட்டு ஹுஸைஃபா, சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றான்.

"ராத்தா, நிறுத்துங்க. என்ன வாசிக்கீங்கன்னு தெரியுதா?"

"நல்லதாத்தான் போட்டிருக்கும்."

"நெடுநாள் தின்னா கிட்னி போயிரும், டாக்டரக் கேக்காம பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்கன்னு போட்டிருக்கு."

"அல்லாவே! இத வாசிச்சுக் காட்டிட்டுத்தான தம்பி எம்புள்ளைக்குக் குடுத்தேன்!"

கூடிக் கேட்டுக்கொண்டிருந்த தெருப் பெண்கள் எழுந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் குழாயடிக்குப் போய், திறந்த தண்ணீருக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தார்கள்.

தென்காசி டாக்டரம்மா உமா மகேஸ்வரி ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவதற்கு முன்பே, "அருவியில நனைஞ்சீங்களா?" என்று கேட்டார். அந்த சீசனில் அவரிடம் காய்ந்து வந்தவர்களில் இவர்கள் முதல் ஆட்கள் அல்ல. மாத்திரையை நிறுத்தியதும் மகளின் சிறுநீரகம் மெல்லத் தேறியது. தாயுடையது தேறவில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் சஃப்ரின் பள்ளிக்கூடம் விட்டு மழையில் பின்னல் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "தலையத் துவட்டு ஏட்டி, சளி பிடிச்சுக்கிடும்" என்றார்கள் பெண்கள். ஷரீபுன்னிசா துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை. மகளின் முடியைப் பிழிந்து பிழிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் இப்போதும் நனைவதில்லை. டயாலிசிஸுக்குப் போக அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால், பக்கத்தில் நிற்கிற பெண்கள் தங்கள் செல்போன்களை அவள் கையில் திணிக்கிறார்கள். "பிடிங்க மாமி, பஸ்ஸுல ஏறி வாங்கிக்கிடுதோம்."