தலையணைப் பிள்ளை

புலோரின் வயிறு அன்றைக்கு இடது பக்கமாக நழுவிவிட்டது. குளத்துப் படியில் தண்ணீர் மொள்ள நின்ற பெண்கள் பார்த்தும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாயாடி மல்கோவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏண்டி, உம்புள்ள இப்பவே எறங்கி வீட்டுக்கு நடந்து போயிடும்போல இருக்கே. இறுக்கிக் கட்டக் கூடாதா?"

புலோருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பதைத் தாண்டியும் பிள்ளை இல்லாதவள், பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் புக்காராவின் யூதத் தெருவில் மூச்சு வாங்க வாங்க நடந்துகொண்டிருந்தாள்.

நிஜப் பிள்ளை அடுத்த வீட்டில், அதினோவின் வயிற்றில் இருந்தது. அவள் வாசல்படி தாண்டவே இல்லை.

அதினோவின் புருஷன் யாகுத்தீல் அவுரிச் சாயக்காரன். எங்கள் சாயக்காரர்கள் எல்லோரையும்போல அவனுக்கும் முழங்கை வரை நீலம். வசந்த காலத்தில் ஒருநாள், நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று வந்தவனோடு வாய்ச்சண்டை. வந்தவன் நேரே நீதிபதி காஜியிடம் போய், 'இந்த யூதன் எங்கள் மார்க்கத்தின் உறுதிமொழியைச் சொன்னான், என் காதால் கேட்டேன்' என்று சத்தியம் செய்துவிட்டான். பொய்தான். ஆனால் அமீரின் ஊரில் அதைச் சொன்னவன் என்று ஆகிவிட்டால் முஸ்லிம் ஆனதுதான். மறுத்தாலும், பிறகு பழைய மதத்துக்குத் திரும்பினாலும் தலை போகும். யூதன் என்று தெரிவதற்காக இடுப்பில் கட்டவைத்திருந்த கயிற்றை அறுத்து எறிந்து, பட்டுக் கச்சை கட்டிவிட்டு, அவனை நகரத்தின் மறுகோடியில் குடிவைத்தார்கள். அந்தக் கயிற்றைத் தினம் திட்டியவன், அதை அறுத்தபோது சின்னப் பிள்ளைபோல அழுதான்.

"நீ வராதடி. நீயாவது இங்க இரு" என்று மட்டும் அவளிடம் சொன்னான். தனக்கு உண்டாகியிருப்பது அவளுக்கே அப்போது தெரியாது.

தெரிந்த நாளில் அடுத்த வீட்டுப் புலோரைக் கூப்பிட்டுச் சொன்னாள். தகப்பன் எந்த மதமோ பிள்ளையும் அந்த மதம் என்பது சட்டம். பிறந்தது தெரிந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தெருத் தலைவர் ஹிஸ்கியோவும் அவர் மனைவி புலோரும் யோசித்து ஏற்பாடு செய்ததுதான் இந்தத் தலையணை. பிள்ளை பிறந்ததும் புலோரின் மடிக்குப் போய்விடும். யாராவது வந்து கேட்டால், அதினோ பெற்றது பிறந்ததும் செத்துவிட்டது என்று சொல்லவேண்டியது. மருத்துவச்சி முதல் ரொட்டி சுடுகிறவன் வரை தெருவே அதற்குச் சம்மதித்தது. யாகுத்தீலைக் கொண்டுபோன நாளிலிருந்து ஓய்வுநாள் விருந்தில்கூட யாரும் வாய்திறந்து பாடவில்லை. இப்போது பாட ஆரம்பித்தார்கள். தங்களாலும் ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்று தெருவுக்கே ஒரு திமிர் வந்திருந்தது.

அதினோ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாமா, அவருக்கு மட்டும் சொல்லி அனுப்பிடுவோமே. அவர் பக்கத்து வீட்டு நெசவாளி ரொம்ப நல்ல மனுஷராம். தெனம் ரொட்டி கொண்டாந்து குடுக்கறாராம்."

"வேணாம்மா" என்றார் ஹிஸ்கியோ. "உன் புருஷனுக்கு மனசுல இருக்கறது அப்படியே மூஞ்சில தெரியும். சாயம் மட்டமா இருந்தா அவனே 'இது மட்டம்'னு சொல்லித்தான விப்பான்? தெரியாதவன்கிட்டேருந்து யாரும் எதையும் புடுங்க முடியாது."

"செத்துப்போச்சுன்னு நெனச்சு உடைஞ்சுபோவாரே, மாமா."

"அழுதுட்டுப் போறான். புள்ள நம்ம புள்ளையா நிக்கும்ல?"

ஹிஸ்கியோ நல்லவர்தான். ஆனால் பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வருகிற சந்தோஷமும் அந்தப் பேச்சில் கொஞ்சம் கலந்திருந்தது. அதினோவுக்கு அது புரிந்தது, கசந்தது. அவரை விட்டால் வேறு கதியும் இல்லை. தலையாட்டினாள்.

ஆண் குழந்தை. தொப்புள்கொடி அறுத்த கையோடு மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். புலோர் தலையணையை அவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து காஜியின் சேவகன் வந்தான். சாயக்காரன் பெண்டாட்டி பிள்ளை பெற்றதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடவே யாகுத்தீலையும் இழுத்து வந்திருந்தான். யாகுத்தீல் இளைத்துக் கறுத்திருந்தான். முற்றத்தில் நின்று அதினோவைப் பார்த்த பார்வையில், அவள் கொஞ்சமாகச் சேர்த்துவைத்திருந்த தைரியம் எல்லாம் கரைந்துபோயிற்று.

"எங்க பிள்ள?" என்றான் சேவகன்.

தெருவே வாசலில் கூடியிருந்தது. அதினோ தரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லிவைத்தபடியே சொன்னாள். "பொறந்துச்சுங்க. கொஞ்ச நேரம் மூச்சு விட்டுச்சு. போயிடுச்சு."

யாகுத்தீலுக்குத் தனக்கு ஒரு பிள்ளை உண்டு என்பதே அன்று காலையில்தான் தெரிந்திருக்கும். சாவுச் சேதி கேட்டால் சொல்லவேண்டியதற்குப் புது மதத்திலும் ஒரு வாக்கியம் உண்டு. நெசவாளி பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருந்தார். அது வரவில்லை. அந்த நீலக் கை தானாகச் சட்டைக் கழுத்துக்குப் போய், சாவுக்கு நாங்கள் கிழிப்பதுபோல அதைக் கிழித்தது. எங்களவர்கள் பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய வாக்கியத்தை, உண்மையாய்த் தீர்ப்பளிப்பவனை வாழ்த்தும் வாக்கியத்தை, வாய் பழைய மொழியிலேயே சொல்லிற்று.

கூட்டத்தில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் 'ஆமென்' சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"என்னடா சொன்ன?" என்று சேவகன் அவன் கழுத்தைப் பிடித்தான்.

பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று கத்தவேண்டும்போல இருந்தது அதினோவுக்கு. கத்தினால் பிள்ளையும் போகும். அவனும் மீளமாட்டான். அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து அவனிடம் மறைத்தார்கள். மறைத்ததே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டில் குழந்தை அழுதது. அதினோவின் மார்பில் பால் பீறிட்டது. அவள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். யாகுத்தீல் நின்று கேட்டான்.

"யாரு புள்ள?"

"நம்ம புலோர் பெத்தது" என்று மல்கோதான் சொன்னாள்.

"புலோருக்கா? பரவால்லையே. அந்தப் புள்ளையாவது நல்லாருக்கட்டும்" என்றான். அதற்குள் சேவகன் அவனை வெளியே தள்ளிவிட்டான்.

வாரம் முடிவதற்குள் அவனைக் கொன்றுவிட்டார்கள். நெசவாளி தெருமுனை வரை வந்து ஹிஸ்கியோவிடம் சொல்லிவிட்டுப் போனார். "தப்பா வாயில வந்துடுச்சுன்னு சொல்லிடு, நான் சாட்சி சொல்றேன்னு எவ்வளவோ கெஞ்சினேன். 'என் புள்ளைக்காகச் சொன்னேன். இல்லைன்னு எப்படிச் சொல்றது'ன்னுட்டான்" என்று சொல்லி, அங்கேயே நின்று அழுதாராம்.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்குத் தெரு முழுக்க ஹிஸ்கியோவின் வீட்டில் கூடியது. சமீபத்தில் இறந்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் வழக்கம். என்ன பெயர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சடங்கு நடத்தியவர் உரக்கச் சொன்னார்.

"இஸ்ரவேலில் இவன் பெயர் யாகுத்தீல் என்று வழங்கப்படட்டும். யாகுத்தீல், ஹிஸ்கியோவின் மகன்."

"ஆமென்" என்று இடிபோலக் குரல் எழுந்தது. அத்தனை நெஞ்சை நிமிர்த்தி அந்தத் தெரு அதைச் சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது. பெண்கள் பக்கத்தில் நின்ற அதினோவும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

பிள்ளை வீறிட்டு அழுதது. வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற வெளியாட்களின் காதில் விழும்படி புலோர் உரக்கச் சொன்னாள். "எனக்குப் பால் ஊறலடி, அதினோ. கொஞ்சம் என் புள்ளைக்குக் குடேன்."

அதினோ கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.